துறைமுகமும் திருமுகமும்
1782ஆம் ஆண்டில் கண்டி இராச்சியமும் கிழக்குக் கரையும்

தோற்றுவாய்

திருக்கோணமலையிலிருந்து வடக்கே கரையோரமாக ஏறத்தாழ 21 மைல் தொலைவில் உள்ள ஊர் குச்சவெளி. ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் களப்பும் சூழ, மீன்பிடியும் உப்பு விளைவும் வேளாண்மையும் தொழிலாகக் கொண்ட இவ்வூர், கட்டுக்குளப்பற்று என வழங்கிய பழைய நிருவாகப் பிரிவைச் சேர்ந்தது. இங்கே கடலை அடுத்துள்ள பாறையொன்றில் வடமொழிக் கல்வெட்டொன்றும் தூபிகளின் உருவங்களும் செதுக்கப்பட்டுள்ளன. எழுத்தமைதி கொண்டு அக்கல்வெட்டினைக் கி.பி. 5ஆம் நூற்றாண்டிற்கும் 8ஆம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்டதாக அறிஞர் கொள்வர். இதற்கு வடக்கே திரியாயில் உள்ள மற்றொரு வடமொழிக் கல்வெட்டு, கடல் கடந்து வாணிகம் செய்த வணிகரைப் பற்றிப் பேசுகின்றது. ஆகவே இக்கரைக்குக் கப்பல்கள் புதியனவல்ல. கடல்வழி வந்தோரை இக்கரை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறிந்திருந்தது.

ஆயினும், கப்பல்கள் வருவது வேறு. வந்த கப்பல்கள் நாட்டின் தலைவிதியை வரையறுப்பது வேறு. இரண்டாவது நிலை எத்துணைத் தெளிவாக உருப்பெற்றது என்பதை அறிய விரும்புவோர் 1782ஆம் ஆண்டினை நோக்குதல் தகும். அவ்வாண்டின் தொடக்கத்தில் திருக்கோணமலைக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்தது. சனவரியில் ஆங்கிலேயர் கொடி ஏறிற்று. ஓகஸ்ட் மாத முடிவில் பிரெஞ்சுக்காரர் கொடி ஏறிற்று. எட்டு மாதங்களுள் மூன்று கொடிகள்! இம்மூன்று வல்லரசுகளுக்கும் நடுவே, மலைநாட்டில் கண்டி இராச்சியம் என்னும் சிறு நாடு தன் சுதந்திரத்தைக் காத்துக்கொள்ள முயன்றது. அவ்வாண்டில் அந்நாடு எடுத்த முடிவு யாது, அது சரியானதுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரை இழந்த அரசு

1782இல் கண்டி இராச்சியம் இருந்த நிலையை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் பதினாறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். மதுரையோடு உறவுடைய நாயக்க மரபிற் பிறந்த கீர்த்தி சிறீ இராசசிங்கன் 1747 முதல் கண்டியை ஆண்டுவந்தான். இவன் காலத்தில் ஒல்லாந்தருக்கும் கண்டிக்குமிடையே போர் மூண்டது. 1765இல் ஒல்லாந்தர் படை மலையேறிக் கண்டி நகரையே கைப்பற்றியது. நோயும் உணவுத் தட்டுப்பாடும் வாட்ட அப்படை அங்கே நிலைத்திருக்க இயலாது திரும்பியது என்பது உண்மையே. எனினும் நலிவுற்றிருந்த கண்டி அரசு 1766 பெப்ரவரி 14ஆம் நாள் ஓர் உடன்படிக்கைக்கு இணங்க நேர்ந்தது.

அவ்வுடன்படிக்கை கண்டியின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை எனலாம். அதன்படி, ஒல்லாந்தர் முன்னரே பிடித்துவைத்திருந்த பகுதிகள் மட்டுமன்றி, இலங்கைத் தீவினைச் சுற்றியுள்ள கரை முழுவதுமே, உள்நாட்டை நோக்கி ஒரு சிங்கள மைல் அகல அளவில், ஒல்லாந்தக் கம்பனிக்கு உரியதாயிற்று. கண்டி மக்கள் புத்தளம், சிலாபம் முதலிய இடங்களிலும் கிழக்கிலுள்ள உப்பளங்களிலும் உப்பு எடுத்துச் செல்ல இசைவு பெற்றனர். தன் நாட்டு உப்பைத் தன் நாட்டார் எடுப்பதற்கு அயலாரின் இசைவு வேண்டியதாயிற்று என்பதே இதன் பொருள். மேலும், ஒல்லாந்தரையன்றி வேறு வல்லரசுகளோடு மன்னன் உடன்படிக்கை செய்தலும் ஆகாது என விதிக்கப்பட்டது.

ஓர் அரசுக்குக் கரை என்பது வெறும் மணற்பரப்பன்று. வெளியுலகிலிருந்து செய்தி வருவது அவ்வழியே. ஆயுதமும் துணியும் வருவதும் அவ்வழியே. பாக்கும் ஏலமும் யானையும் வெளியே செல்வதும் அவ்வழியே. கண்டி மன்னர் மணப்பெண் தேடி மதுரைக்கு ஆளனுப்புவதற்கும், பௌத்த பிக்குமாரை அழைத்துவரச் சீயத்திற்குத் தூதனுப்புவதற்கும் கடல் வழியே வேண்டியிருந்தது. 1766க்குப் பின் கண்டி அரசனின் நிலை, வாயிற்கதவின் திறவுகோலை அயலானிடம் ஒப்படைத்துவிட்ட வீட்டுக்காரனின் நிலையை ஒத்தது.

கட்டுக்குளப்பற்றுப் போன்ற கரைப் பகுதிகளின் நிலை இன்னும் வேறுபட்டது. வன்னியர் எனப்பட்ட உள்ளூர்த் தலைவர்கள் காலத்துக்கேற்ப ஒருகால் கண்டிக்கும் ஒருகால் அயலாருக்கும் திறை செலுத்தி வாழ்ந்த நிலமிது. கோணேசர் கோயில் திருப்பணிகளோடும் தொழும்புகளோடும் பிணைந்திருந்த இப்பற்றுகளின் பழைய ஒழுங்கு, 17ஆம் நூற்றாண்டின் முதற்கூறிற் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டியபோதே குலைந்துவிட்டது. 1639இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைப் பிடித்தனர். 1672இல் பிரெஞ்சுத் தளபதி தெ லா ஹே இத்துறையில் வந்திறங்கினான். சில மாதங்களில் ஒல்லாந்தர் அவனை விரட்டினர். இவ்வாறு 1782க்கு முன்னரே இக்கரை மக்கள் கொடிமாற்றங்களுக்குப் பழகிப்போயிருந்தனர்.

துறைமுகத்தின் பெறுமதி

உலகின் மறுகோடியிலிருந்த நாடுகள் திருக்கோணமலையின் பொருட்டு இத்துணை முயன்றது ஏன்? இவ்வினாவிற்கு விடை காற்றில் இருக்கின்றது.

சோழமண்டலக் கரையில் சென்னை, புதுச்சேரி, கடலூர், நாகபட்டினம் என்று பெயர்பெற்ற பட்டினங்கள் பலவுள. ஆனால் இவற்றுள் ஒன்றிலேனும் பெரிய போர்க்கப்பல்கள் புகுந்து ஒதுங்குதற்கேற்ற துறைமுகம் அக்காலத்தில் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பாற் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகள் அலையைக் கடந்து சென்று ஆளையும் பொருளையும் ஏற்றி இறக்கும். சோழகக் காற்று வீசுங் காலத்தில் இம்முறை போதுமானது. ஒக்ரோபரில் வாடைக்காற்று எழுந்து புயல் வீசத் தொடங்கினாலோ, அங்கே நிற்கும் கப்பலுக்கு அழிவு தப்பாது. ஆகவே ஆங்கிலக் கப்பற்படை ஆண்டுதோறும் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரையிலுள்ள பம்பாய்க்குச் சென்றாக வேண்டியிருந்தது. அது திரும்பி வரும்வரை சோழமண்டலக் கரை காவலற்றுக் கிடந்தது.

திருக்கோணமலையின் உட்துறையோ மலைகளால் சூழப்பட்டது, மிக ஆழமானது, எக்காற்றிலும் கப்பல்கள் அசையாது நிற்கத்தக்கது. உடைந்த பாய்மரத்தை மாற்றவும், ஓட்டையடைத்துக் கப்பலைச் செப்பனிடவும், நோயுற்ற மாலுமிகளைக் கரையிறக்கி ஆற்றவும், குடிநீரும் விறகும் ஏற்றவும் வங்கக் கடலின் மேற்குப் பக்கத்தில் இதற்கு இணையான இடம் வேறில்லை. இத்துறையை உடையவன் ஆண்டு முழுவதும் வங்கக் கடலில் நிற்கலாம். இதனை இழந்தவன் ஆண்டில் மூன்று நான்கு மாதங்கள் அக்கடலை விட்டே அகலவேண்டும். இந்தியாவின் அரசுரிமைக்குப் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் போட்டியிட்ட அந்நாளில், சிறியதொரு கோட்டையின் பெறுமதி பெருநாடொன்றின் பெறுமதிக்கு நிகராயிற்று.

சனவரி மாதத்து வெற்றி

அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலைப் போர் ஐரோப்பாவையும் பற்றிக்கொண்டது. 1778இல் பிரான்சு அமெரிக்கருக்குத் துணையாகப் போரில் இறங்கியது. 1780 டிசம்பரில் பிரித்தானியா ஒல்லாந்தின்மீதும் போர் தொடுத்தது. அதே ஆண்டில் மைசூரின் ஐதர் அலி கர்நாடகத்தினுட் புகுந்து ஆங்கிலேயரை நெருக்கிக்கொண்டிருந்தான். இவ்வாறு பொஸ்ரன் நகரத்துப் பூசல், பல கைகள் மாறி, திருக்கோணமலை வாயிலை வந்தடைந்தது.

1781 நவம்பர் 12ஆம் நாள் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து நாகபட்டினத்தைக் கைப்பற்றினர். அடுத்த குறி திருக்கோணமலை. 1782 சனவரி 2ஆம் நாள் கடற்படைத் தளபதி எட்வேட் ஹியூஸ் நாகபட்டினத்திலிருந்து பாய்விரித்தான். வடக்கிருந்து வரும் கப்பல்கள் முல்லைத்தீவு, கொக்கிளாய், புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி என இக்கரையை ஒட்டிய கடலிலேயே தெற்கு நோக்கி இறங்கவேண்டும். சனவரி 4ஆம் நாள் அக்கப்பல்கள் திருக்கோணமலை விரிகுடாவில் நங்கூரமிட்டன. மறுநாள் படை இறங்கியது. அன்றிரவே கோணமாமலை அடிவாரத்துக் கோட்டை வீழ்ந்தது. உட்துறையைக் காத்துநின்ற ஒஸ்டன்பேர்க் கோட்டை 11ஆம் நாள் தாக்கிப் பிடிக்கப்பட்டது. கொழும்பிலிருந்து ஆட்சிசெய்த ஒல்லாந்தத் தேசாதிபதி இமான் வில்லம் பல்க்கிற்கு உதவியனுப்ப நேரமும் இல்லை, கப்பலும் இல்லை.

ஹியூஸ் நாகபட்டினத்தை விட்டுப் புறப்பட்ட அதே சனவரி 2ஆம் நாளில், மலைநாட்டிலே கீர்த்தி சிறீ இராசசிங்கன் உயிர்நீத்தான். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆண்ட மன்னன் மறைய, அவன் தம்பி இராசாதி இராசசிங்கன் அரியணை ஏறினான். சிங்களத்திற் காவியம் இயற்றிய புலமையுடையவன் இப்புதிய மன்னன். முடிசூடிய சில வாரங்களுள்ளேயே, பழுத்த அரசியல்வாதியும் தடுமாறக்கூடிய வினாவொன்று அவன்முன் வந்து நின்றது.

கண்டிக்குச் சென்ற தூது

ஹியூஸின் கப்பலில் ஹியூ போய்ட் என்னும் அயர்லாந்தவன் ஒருவன் வந்திருந்தான். சென்னைக் கவர்னர் மக்கார்ட்னி பிரபுவின் கடிதத்தைக் கண்டி மன்னனிடம் சேர்ப்பிப்பது அவன் பணி. ஒல்லாந்தருக்கு எதிராகக் கண்டியும் ஆங்கிலேயரும் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். திருக்கோணமலையிலுள்ள ஆங்கிலப் படைக்குக் கண்டி உணவுப்பொருள் தந்து உதவ வேண்டும் என்பன தூதின் சாரம். பெப்ரவரித் தொடக்கத்திற் புறப்பட்ட போய்ட், காட்டு வழியே மெல்ல மெல்லச் சென்று, இடையிடையே அரசவையின் இசைவுக்காகக் காத்திருந்து, மார்ச்சுத் தொடக்கத்திற் கண்டியை அடைந்தான். தன் பயணத்தைப் பற்றி அவன் எழுதிய குறிப்புகள் அவன் இறந்த பின்னர் அச்சேறின.

அரசவை அவனை மரியாதையோடு வரவேற்றது; சடங்குகள் யாவும் முறைப்படி நடந்தன. உரையாடல்கள் நடந்தன. ஈற்றிற் கிடைத்த விடையோ மறுப்பு. சென்னைக் கவர்னர் ஒரு வணிகக் கம்பனியின் அலுவலர். கண்டி மன்னனோ ஒரு நாட்டின் வேந்தன். வேந்தனோடு உடன்படிக்கை செய்வதாயின் இங்கிலாந்து வேந்தனே திருமுகம் அனுப்புதல் வேண்டும் என அரசவை கூறிவிட்டது. இங்கிலாந்திலிருந்து அத்தகைய திருமுகம் வர ஓராண்டுக்கு மேலாகும் என்பதை அறியாதவரல்லர் கண்டி அமைச்சர். போய்ட் வெறுங்கையோடு திரும்பினான். திருக்கோணமலையிலிருந்து சென்னைக்குக் கப்பலேறிய அவனைப் பிரெஞ்சுக்காரர் வழியிற் சிறைப்பிடித்துப் பூர்பொன் தீவிற்குக் கொண்டு சென்றனர்.

இம்மறுப்பைக் கீழைத்தேய அரசவையொன்றின் சம்பிரதாயப் பிடிவாதம் என்று தள்ளிவிடுதல் எளிது. திருமுகத்தில் யாருடைய பெயர் உளது என்பதற்காக ஒரு நாடு தன் விடுதலைக்கான வாய்ப்பை இழப்பதா என்று கேட்போரும் உளர். ஆனால் கண்டி அரசவைக்கு நினைவாற்றல் இருந்தது என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இருபது ஆண்டுகளுக்கு முன், 1762இல், கீர்த்தி சிறீ இராசசிங்கன் சென்னைக்கு ஆளனுப்பி ஒல்லாந்தருக்கெதிராக உதவி வேண்டினான். ஆங்கிலேயர் ஜோன் பைபஸ் என்பவனைத் தூதனாக அனுப்பினர். அவனும் திருக்கோணமலை வழியாகவே கண்டிக்குச் சென்றான். பேச்சுகள் நடந்தன. அதன் பின்னர் சென்னையிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. மூன்று ஆண்டுகளில் ஒல்லாந்தர் படை கண்டி நகரினுட் புகுந்தபோதும் ஆங்கிலேயர் அசையவில்லை. கரை முழுவதையும் இழந்த 1766ஆம் ஆண்டு உடன்படிக்கை, ஒருவகையில், நிறைவேறாத அந்நட்புறவுக்குக் கண்டி கொடுத்த விலையாகும். அன்று தாங்கள் அழைத்தபோது வாராதோர் இன்று தாங்களாக வந்து நிற்பது தம் தேவைக்காகவே என்பதை உணர அரசவைக்கு ஒற்றர் உதவி வேண்டியதில்லை.

ஆகவே, இங்கிலாந்து வேந்தனின் திருமுகம் வேண்டும் என்ற கோரிக்கை பெருமையிற் பிறந்ததன்று. கம்பனியொன்றின் வாக்குறுதியை அடுத்துவரும் கவர்னர் கைவிடலாம். வேந்தனின் வாக்குறுதியைக் கைவிடுதல் அத்துணை எளிதன்று. படையும் கப்பலும் இல்லாத சிறு நாடு பெருநாட்டைப் பிணிக்கத்தக்க ஒரே கயிறு எழுத்திலமைந்த உறுதிமொழியே. அக்கயிறு உறுதியானதாக இருக்கவேண்டும் என்று கேட்டமை அறிவுடைமையே ஆகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆங்கிலேயரோடு கையொப்பமிட்டிருந்தால் 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையை மீறியதாக ஒல்லாந்தர் கொழும்பிலிருந்தும் காலியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படையெடுக்க இடமேற்பட்டிருக்கும். ஆங்கிலேயரிடம் அப்போது இருந்ததோ திருக்கோணமலை என்னும் ஒரே கோட்டை. அக்கோட்டை எத்தனை நாளைக்கு அவர்கள் கையில் இருக்கும் என்பதை அடுத்த சில மாதங்கள் காட்டின.

மூன்றாவது கொடி

பெப்ரவரியிற் சோழமண்டலக் கடலில் ஒரு புதிய பெயர் கேட்கலாயிற்று. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன், ஐதர் அலிக்குத் துணையாகத் தன் கப்பற்படையோடு வந்து சேர்ந்தான். அவ்வாண்டில் மட்டும் சுஃப்ரனும் ஹியூஸும் நான்கு முறை கடலிற் பொருதனர். பெப்ரவரி 17இல் சதுரங்கப்பட்டினத்திற்கு அப்பால். ஏப்பிரல் 12இல் திருக்கோணமலைக்குத் தெற்கே புரோவிடியன் என்னும் பாறைத்தீவின் அருகே. யூலை 6இல் நாகபட்டினத்திற்கு அப்பால். செப்ரெம்பர் 3இல் திருக்கோணமலைக்கு அண்மையில். நான்கனுள் இரண்டு இலங்கையின் கிழக்குக் கடலிலேயே நிகழ்ந்தன.

புரோவிடியன் போர் கொடியது. ஆங்கிலேயர் தரப்பில் 137 பேரும் பிரெஞ்சுக்காரர் தரப்பில் 137 பேரும் மாண்டனர்; இரு தரப்பிலும் காயமுற்றோர் நூற்றுக்கணக்கினர். எவர்க்கும் வெற்றியில்லை. சிதைந்த கப்பல்களோடு ஹியூஸ் திருக்கோணமலைக்குள் ஒதுங்கினான். சுஃப்ரன் தெற்கே மட்டக்களப்புக் கரையில், தன் நேச நாடான ஒல்லாந்தரின் இடத்தில், கப்பல்களைச் செப்பனிட்டான். ஒரே கரையில், அறுபது எழுபது மைல் இடைவெளியில், இரு பெரும் படைகள் பாய்மரம் நாட்டிக்கொண்டிருந்த காட்சி இவ்வாண்டின் தன்மையை நன்கு காட்டுகின்றது.

யூலைப் போரின் பின் ஹியூஸ் சென்னைக்குச் சென்று கப்பல்களைச் செப்பனிடலானான். சுஃப்ரனோ கடலூரில் விரைந்து பணிமுடித்து, அங்கே ஐதர் அலியை நேரிற் கண்டு பேசி, மட்டக்களப்புக்கு மீண்டான். ஐரோப்பாவிலிருந்து வந்த துணைப்படையும் அங்கே அவனைச் சேர்ந்தது. திருக்கோணமலையைப் பிடித்தாலன்றி வங்கக் கடலில் தனக்கு நிலையான இடமில்லை என்பதை அவன் நன்குணர்ந்திருந்தான். ஓகஸ்ட் 25ஆம் நாள் அவன் கப்பல்கள் திருக்கோணமலை விரிகுடாவிற் புகுந்தன. மறுநாள் படை இறங்கியது. பீரங்கி மேடைகள் அமைந்தன; 29ஆம் நாள் குண்டுவீச்சுத் தொடங்கியது. 30ஆம் நாள் கோட்டையும் 31ஆம் நாள் ஒஸ்டன்பேர்க்கும் சரணடைந்தன.

ஹியூஸ் காலந்தாழ்த்தே வந்தான். செப்ரெம்பர் 3ஆம் நாள் விடியலில் அவன் கண்டது கோட்டைகளின்மீது பறந்த பிரெஞ்சுக் கொடியையே. அன்றைய போரில் ஆங்கிலேயருள் 51 பேரும் பிரெஞ்சுக்காரருள் 82 பேரும் மாண்டனர். சுஃப்ரனின் சொந்தக் கப்பலே பாய்மரம் முறிந்து தத்தளித்தது. ஆயினும் துறைமுகம் அவன் கையில் இருந்தமையின் அவன் திரும்பிவந்து தங்க இடமிருந்தது. ஹியூஸுக்கோ சென்னையின் திறந்த கடலே எஞ்சியது. ஒக்ரோபர் நடுவில் வாடைப் புயல் சென்னையைத் தாக்க, ஹியூஸ் வழக்கம்போல் பம்பாய் நோக்கி ஓடவேண்டியதாயிற்று. சுஃப்ரன் சுமாத்திராவின் அச்சேயில் மாரியைக் கழித்தான். டிசம்பர் 7ஆம் நாள் ஐதர் அலியும் இறந்தான். ஆண்டு முடிந்தபோது கிழக்குக் கடலில் யாவும் மாறியிருந்தன. கண்டியின் எல்லை மட்டும் மாறாதிருந்தது.

மார்ச்சு மாதத்தில் இராசாதி இராசசிங்கன் போய்ட்டின் கோரிக்கைக்கு இணங்கியிருந்தால் நிலைமை என்னவாகியிருக்கும்? ஆறு மாதங்களுள் அவனுடைய புதிய நண்பர்கள் தீவை விட்டே அகன்றிருப்பர். ஒல்லாந்தரும் அவர்தம் நேசரான பிரெஞ்சுக்காரரும் ஒருங்கே அவன்மீது பாய்ந்திருப்பர். கண்டி அரசவையின் மறுப்பே அதனை 1782இல் காத்தது எனக் கூறுதல் மிகையன்று. பெருநாடுகள் போரிடும்போது சிறு நாடு செய்யத்தக்க அருஞ்செயல் சிலவேளை காத்திருத்தலே ஆகும்.

கரையில் வாழ்ந்தோர்

ஆனால் காத்திருத்தல் அரசவைக்குக் கிட்டிய வசதி. கரையில் வாழ்ந்தோருக்கு அது கிட்டவில்லை. திருமுகம் யார் பெயரில் வரவேண்டும் என்று கேட்கக் குச்சவெளியிலோ நிலாவெளியிலோ தம்பலகாமத்திலோ அரசவை இருக்கவில்லை. 1766ஆம் ஆண்டின் எழுத்து அவர்களுடைய மண்ணை ஒல்லாந்தக் கம்பனிக்கு உரியதாக்கியது. 1782ஆம் ஆண்டின் பீரங்கி அதனை இருமுறை கைமாற்றியது. இருமுறையும் அவர்களை எவரும் கேட்கவில்லை.

கோட்டையைப் பிடிப்பவன் எவனாயினும் அவனுக்கு வேண்டியவை ஒன்றே: அரிசி, இறைச்சி மாடு, விறகு, மரம், கூலியாள். துறைமுகம் கப்பலுக்குக் காற்றிலிருந்து காவல் தரும், சோறு தரமாட்டாது. சோறு தரவேண்டியது சுற்றியுள்ள பற்றுகளே. போய்ட்டின் தூதிலும் உணவுப்பொருள் ஒரு முதன்மையான கோரிக்கையாக இருந்தமை இதனை உறுதிசெய்கின்றது.

1783, 1784ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் ஏற்பட்ட அமைதி உடன்படிக்கைகளின் விளைவாகத் திருக்கோணமலை மீண்டும் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. நாகபட்டினம் மட்டும் ஆங்கிலேயரிடமே தங்கிவிட்டது. திருக்கோணமலையை மீளப்பெற்ற ஒல்லாந்தர் முதலிற் கவலைப்பட்டது பீரங்கியைப் பற்றி மட்டுமன்று. 1786இல் அங்கு தலைமை அலுவலனாக இருந்த வான் சென்டன், கட்டுக்குளப்பற்று உள்ளிட்ட சுற்றுப்புறப் பற்றுகளுக்குச் சென்று, குளங்களையும் வயல்களையும் பார்வையிட்டு, வேளாண்மையைப் பெருக்கும் வழிகளை ஆராய்ந்து நாட்குறிப்பெழுதினான். கோட்டையைக் காப்பது மதிலன்று, மதிலுக்கு வெளியே உள்ள வயலே என்னும் உண்மையை மூன்று கொடி கண்ட பின்னரே அவர்கள் உணர்ந்தனர் போலும். உடைந்த குளங்களை அறிந்திருந்த உழவர்க்கு இவ்வுண்மை புதியதன்று.

பின்விளைவு

1782ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்குக் கற்பித்த பாடம் தெளிவானது. அடுத்த முறை வாய்ப்பு வந்தபோது அவர்கள் காலந்தாழ்த்தவில்லை. பிரெஞ்சுப் புரட்சிப் போரில் ஒல்லாந்து பிரான்சின் பிடிக்குள் விழ, 1795 ஓகஸ்டில் ஆங்கிலேயர் மீண்டும் திருக்கோணமலையைத் தாக்கினர். ஓகஸ்ட் முடியுமுன் இரு கோட்டைகளும் வீழ்ந்தன. இம்முறை அவர்கள் அங்கே நிற்கவில்லை. 1796 பெப்ரவரியிற் கொழும்பும் அவர்கள் கைக்கு வந்தது. 1803இல் திருக்கோணமலைக் கோட்டைக்கு இங்கிலாந்து இளவரசன் ஒருவனின் பெயரால் பிரெட்றிக் கோட்டை எனப் பெயரிட்டனர்.

கண்டியும் தன் பாடத்தை மறக்கவில்லை. 1795இல் றொபேட் அன்ட்றூஸ் ஆங்கிலத் தூதனாக வந்தபோதும், 1796இல் கண்டித் தூதர் சென்னைக்குச் சென்றபோதும், கண்டியின் தரப்பில் எழுந்த கேள்வி கரையைப் பற்றியதே. சென்னையில் வரையப்பட்ட உடன்படிக்கை கண்டி விரும்பிய அளவுக்குக் கரையுரிமை தரவில்லை. மன்னன் அதனை உறுதிப்படுத்தவுமில்லை. 1782இற் போலவே இப்போதும் கண்டி மறுத்தது. ஆனால் 1782இல் துறைமுகத்தில் நின்றவர்களுக்குப் பகைவர் இருந்தனர். 1796இல் ஆங்கிலேயரை எதிர்த்துக் கரையில் நிற்க எவருமில்லை. மறுப்பின் வலிமை மறுப்பவனிடம் மட்டும் இருப்பதன்று. எதிரே நிற்போரின் போட்டியிலும் அது தங்கியிருக்கின்றது. போட்டி ஒழிந்ததும் அவ்வலிமையும் ஒழிந்தது. 1815 மார்ச்சு 2ஆம் நாள் கண்டி இராச்சியத்தின் சுதந்திரம் முடிவுற்றது.

முடிபுரை

1782ஆம் ஆண்டின் வரலாறு பொதுவாகக் கடற்படைத் தளபதிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சுஃப்ரனின் போர்த்திறம் பிரான்சில் இன்றும் போற்றப்படுகின்றது. அந்நூல்களில் இலங்கை ஒரு துறைமுகமாகவும், கண்டி ஒரு தூதுப் பயணத்தின் இறுதிப் புள்ளியாகவும் மட்டுமே தோன்றும். ஆயின் அதே ஆண்டினைத் தீவின் உள்ளிருந்து நோக்குவோர்க்கு வேறொரு வரலாறு புலனாகும். முடிசூடிச் சில வாரங்களே ஆன மன்னன் ஒருவன், வெற்றிக் களிப்போடு வந்த வல்லரசின் தூதனை மரியாதையோடு வரவேற்று, மரியாதையோடு மறுத்தனுப்பினான். அவன் கையில் இருந்தது ஒரு பழைய நினைவும் ஒரு புதிய ஐயமும் மட்டுமே. அவ்விரண்டும் அவன் நாட்டிற்கு மேலும் முப்பத்துமூன்று ஆண்டுகளைத் தேடித்தந்தன எனலாம்.

எனினும் அவ்வறிவுடைமைக்கும் ஓர் எல்லை இருந்தது. அவ்வெல்லை 1766இல் வரையப்பட்ட ஒரு மைல் அகலக் கோடு. கரையை இழந்த அரசு காத்திருக்கலாம். கடந்து செல்ல இயலாது. கரையில் வாழ்ந்தோரைத் தன்னோடு வைத்துக்கொள்ள இயலாத அரசு, தன்னையும் நெடுங்காலம் காத்துக்கொள்ள இயலாது.

திருக்கோணமலையின் கதை 1815உடன் முடியவில்லை. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அதன்மீது குண்டு பொழிந்தன. பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 ஒக்ரோபரிலேயே சுதந்திர இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலும் இத்துறைமுகத்தின் பெயர் இடம்பெற்றது. ஒவ்வொரு முறையும் திருமுகங்கள் எழுதப்பட்டன. ஒவ்வொரு முறையும் கரையில் வாழ்வோர் அவற்றைப் பின்னரே கேள்விப்பட்டனர். குச்சவெளிக் கடலோரப் பாறையில் உள்ள பழைய கல்வெட்டை எழுதுவித்தவன், தான் தேடிய புண்ணியம் உலகத்து உயிர்களின் நன்மைக்கு ஆகுக என்றே வேண்டினான். அக்கரையைப் பற்றி எழுதப்பெற்ற ஆவணங்களுள், அங்கு வாழ்வோரிடமிருந்து எதனையும் கேளாத ஆவணம் அது ஒன்றே போலும்.